லெந்து நாளில் ஒரு கோழிக்கறி

ஒற்றுமையைப் பற்றி வேதபாடம் நடத்த வாருங்கள் என்று இலங்கை மாத்தளையிலிருந்து செல்வமணி என்ற தோட்டத்துப் பெண்மணி என்னைக் கூப்பிட்டபோது நான் சிரித்துவிட்டேன். நல்லவேளை, அது வாட்ஸப்பில் வந்த குரல்செய்தி; சிரிப்பு அவருக்குக் கேட்டிருக்காது. ஒரு ஞாயிறு காலையில் பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று பார்த்திருந்தால் அவர் வேறு ஆளைத் தேடியிருப்பார். நானும் என் கணவர் தேவராஜும் எட்டரை மணிக்கு ஒன்றாகத்தான் கதவைப் பூட்டுவோம். பிறகு நான் கிழக்கே என் கோயிலுக்கு, அவர் மேற்கே பைபாஸ் தாண்டி அவருடைய சபைக்கு. நான்கு வருடமாக இதுதான் நடப்பு.

ஒரே கோயிலுக்குப் போனவர்கள்தான். ஒரு நாள் ஆராதனைக்குப் பிறகு சபைக்கூட்டம். பழைய ஓட்டுக்கூரைக் கோயிலை இடித்துவிட்டுக் கோபுரம் வைத்துக் கட்டலாமா என்று பேச்சு வந்தது. இவர் வேண்டாம் என்றார். முன்வரிசையிலிருந்து ஒருவர், "பிடிக்கலைன்னா வெளியே போங்க" என்று கத்தினார். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஓய்வுநாள் பள்ளியும் பாடற்குழுவும் என் பொறுப்பு, அடுத்த வாரம் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் சண்டை கிடையாது. பேச்சு உண்டு, பேரப்பிள்ளை வந்தால் சிரிப்பும் உண்டு. அந்த ஞாயிறைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. முப்பத்தைந்து வருடம் கூடவே நடந்து வந்த மனிதர் இல்லாமல் தனியாகக் கோயிலுக்குப் போவது எப்படி இருக்கும் என்பது போகிறவளுக்குத்தான் தெரியும். அவர் மறுபடியும் என்னோடு நடந்து வரமாட்டாரா என்ற ஏக்கத்தை வைத்துக்கொண்டு ஒற்றுமைக்குப் பாடம் நடத்த நான் ஒத்துக்கொண்டேன். கூப்பிட்டால் போய்ப் பேசும் வாய்ப்பழக்கம், வேறென்ன? எனக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தவரும் இவர்தான். மலைக்குளிருக்கு வேண்டும் என்று தன் கம்பளி மப்ளரையும் உள்ளே வைத்தார்.

வியாழக்கிழமை கண்டியில் மாத்தளை பஸ் ஏறினேன். மாத்தளையையும் தாண்டிப் போகிற பஸ் அது. உட்கார இடமில்லை. ஜன்னலோரம் இருந்த சிங்களப் பெண் ஒருத்தி என்னைக் கேட்காமலே என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் ஊரிலும் இப்படி வாங்கி வைப்பார்கள். ஆனால் கூடவே எந்த ஊர், எத்தனை பிள்ளை, மருமகள் எப்படி என்ற விசாரணையும் வரும். இவள் ஒன்றும் கேட்காமல் மீன்பணிஸ் என்கிற மீன் அடைத்த பன் ஒன்றை எடுத்து நீட்டினாள். லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும், நான் மாமிசமும் மீனும் தொடமாட்டேன். அதைச் சிங்களத்தில் சொல்ல எனக்குத் தெரியாது. வயிற்றைத் தடவிக் காட்டித் தலையாட்டினேன். எனக்கு வயிற்றுவலி என்று நினைத்துக்கொண்டு எழுந்து தன் இடத்தையே கொடுத்துவிட்டாள்.

உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது பஸ்ஸில் பாதி ஆள் இல்லை. கண்டக்டர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்; பின்னாலிருந்த ஒருவர் தமிழில் எடுத்துச் சொன்னார்: "அம்மா, மாத்தளை எப்பவோ போயிருச்சாம். தூங்குற ஆள எழுப்புறது பாவம்னு விட்டாராம்." அட பாவி மனுஷா, இதுவா பாவம்? மாத்தளையைத் தாண்டி வெகுதூரத்தில், நாலந்தா என்ற ஊரில் இறக்கிவிட்டார்கள்.

அங்கே சாலையோரக் கடையில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் பால் இல்லாத தேநீர் கொடுத்தார். இங்கே அதற்குப் பிளேன்டி என்று பெயர். பாலைப் போட்டு மணிக்கணக்காகக் காய்ச்சும் எங்கள் ஊர்த் தேநீரைக் குடித்துப் பழகிய எனக்கு, தேயிலைக்கு இப்படி ஒரு ருசி உண்டென்றே அன்றுதான் தெரிந்தது. என் போனை வாங்கிச் செல்வமணியிடம் அவரே பேசினார். "ஒங்க டீச்சரம்மா பத்திரமா எங்கிட்ட இருக்காங்க. மாத்தளை பஸ்ஸுல ஏத்தி விடுறேன், தூங்க வேணாம்னும் சொல்லிவிடுறேன்." கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாத்தளையில் செல்வமணி த்ரீவீலரோடு காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கொழுந்து பறித்துக் காய்த்த கை. என் கையைப் பிடித்தபோது உறுத்தியது. அம்மன் கோயில் திருவிழாக் கொடிகள் தெருவெல்லாம் கட்டியிருக்க, ஊர்ந்து ஊர்ந்து ரத்தோட்டைச் சாலைக்கு வந்தோம். மேலே ஏற ஏறப் பனி இறங்கியது. ஓரிடத்தில் பாதிச் சாலையைக் காணோம். வண்டி ஓட்டிய சிங்களத் தம்பி சுனில், "டீச்சர் பயம் வேணாம், நான் பாத்து போறது" என்று சொல்லிவிட்டு எங்களை இறக்கி நடக்கவிட்டான். பயம் வேண்டாம் என்றவன் எதற்கு இறக்கிவிட்டான் என்று நான் கேட்கவில்லை. நடந்துகொண்டே செல்வமணி கீழே கை காட்டினார். "அந்தா, மண்ணு சரிஞ்சு கெடக்குல்ல, அங்கனதான் அவுங்க ஜெபவீடு இருந்துச்சு."

அவுங்க என்றது யாரை என்பதைச் சொல்லவேண்டும். அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை காலத்துக் கல்கோயில் ஒன்று உண்டு. ஞானஸ்நானம் குழந்தைக்கா, பெரியவர்களுக்கா, தெளிப்பா, முழுக்கா என்று பத்து வருடத்துக்கு முன் வந்த சண்டையில் பாதிப்பேர் பிரிந்துபோய்க் கீழே தனியாக ஜெபவீடு கட்டினார்கள். போன மழையில் மண் சரிந்து ஜெபவீடு போய்விட்டது. அன்று உள்ளே ஆள் இல்லை என்பது தேவகிருபை. அதன்பிறகு கல்கோயில்காரர்கள் சாவியைக் கொடுத்தார்கள். ஏழு மணிக்கு இவர்கள் ஆராதனை, பத்து மணிக்கு அவர்கள் ஆராதனை. வருகிற ஞாயிறுதான் முதன்முறையாக இரண்டு சபையாரும் சேர்ந்து தொழப்போகிறார்கள்; பிறகு அன்பின் விருந்து. அதற்கு முன் இரண்டு மாலை நான் பாடம் நடத்தவேண்டும்.

கல்கோயில் ஆளான செல்வமணியின் லயத்துக் காம்பராவில்தான் தங்கினேன். லயம் என்றால் ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் குடும்பங்கள் இருக்கும் வீடு; காம்பரா அதில் ஒரு குடும்பத்தின் அறை. சுவருக்கு அந்தப்பக்கம் ரூத்து இருந்தாள். நாற்பது வயது; ஜெபவீட்டு ஆள். அவள் இருமினால் இங்கே கேட்கும். செல்வமணி தேங்காய்ச் சம்பல் இடித்தால் அங்கே கேட்கும். முதல்நாள் இரவுச் சாப்பாடு தேங்காய் ரொட்டியும் அந்தச் சம்பலும். காரம் உச்சிக்கு ஏறியது. "மாசிக் கருவாடு போடல டீச்சர், லெந்து" என்றார் செல்வமணி. அவரும் என்னைப் போலத்தான் என்று தெரிந்தது.

வெள்ளி மாலை நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டிய கதையைச் சொன்னேன். பொற்கொல்லரும் தைலம் செய்கிறவரும் கல் சுமந்தார்கள், அவரவர் தன் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைக் கட்டினார்கள், ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்கினார் என்றேன். "அட, இது நம்ம சிரமதானம்ல" என்றாள் ஒருத்தி. ஊர் கூடி ரோடு போடுவதற்கு இங்கே அதுதான் பெயர். எனக்கு நல்ல கைதட்டல். கோயிலில் இடப்பக்கம் கல்கோயில்காரர்கள், வலப்பக்கம் ஜெபவீட்டுக்காரர்கள். நடுவில் யாரும் உட்காரவில்லை.

சனிக்கிழமை பகலில் மலைக்குப் போனேன். பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொழுந்து பறித்தார்கள். நிரை என்பது ஒருத்திக்குரிய தேயிலை வரிசை. செல்வமணி தன் நிரையை முடித்துவிட்டார். பக்கத்து நிரையில் ரூத்துக்குக் காய்ச்சல், பாதியில் திணறிக்கொண்டிருந்தாள். செல்வமணி அவள் நிரையின் மேல்முனைக்குப் போய், அங்கிருந்து கீழ்நோக்கிப் பறித்துக்கொண்டு வந்தார். நடுவில் இருவரும் சந்தித்தபோது, பறித்ததையெல்லாம் ரூத்தின் பையில் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"சபை பிரிஞ்சப்பவும் இப்படித்தான் செஞ்சீங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன? ரெண்டு வருசம் நாங்க பேசிக்கவே இல்ல டீச்சர். இவ வூட்டுக் கல்யாணத்துக்குக்கூட நான் போவல. ஆனா சண்ட சபைக்குத்தானே? நிரைக்கு என்ன சண்ட?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டிலும் நிரைக்குச் சண்டை இல்லை. இவர் எனக்குக் காய்கறி நறுக்கித் தருவார், நான் இவர் சட்டைக்குப் பொத்தான் தைப்பேன். ஆனால் நடுவில் சந்திக்கிற இடம் ஒன்று எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

அன்று மாலைப் பாடம் பிலிப்பி சபையின் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களைப் பற்றியது. பவுலோடு சேர்ந்து பாடுபட்டவர்கள்; பிறகு மனம் ஒவ்வாமல் நின்றார்கள். இருவரும் ஒரே சிந்தையாக இருங்கள் என்று பவுல் கெஞ்சி எழுதுகிறார். யார் பக்கம் நியாயம் என்று அவர் சொல்லவில்லை, பேரை மட்டும் தனித்தனியாகச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று விளக்கினேன்.

"அந்த ரெண்டு பேரும் பொறகு சேந்துட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டாள் ரூத்து.

"எழுதி வைக்கலையேம்மா."

"யாரு மொதல்ல போயிப் பேசுனாங்கன்னாச்சும்?"

"அதுவும் இல்ல."

ரூத்து திருப்தியில்லாமல் உட்கார்ந்தாள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏன் டீச்சர், ஐயாவையும் கூட்டியாந்திருக்கலாமே? ஐயாவும் ஒங்க கோயில்தானே?" நாற்பது பெண்கள் என் வாயைப் பார்த்தார்கள். "ஆமா, அவருக்குச் சுகர். மலை ஏற முடியாது" என்றேன். கையில் வேதத்தை வைத்துக்கொண்டு சொன்ன பொய். இவருக்குச் சுகரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிற மனிதர். அன்று இவருடைய மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு படுத்தேன். இப்படி ஒரு பொய் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. அதைவிட, இவர் பக்கத்தில் இருந்தால் நன்றாயிருக்குமே என்றிருந்தது.

ஞாயிறு விடியும்போதே கோழிக்கறி வாசம் மூக்கில் ஏறியது. எழுந்து வெளியே வந்தால், பெரிய அண்டாவில் செல்வமணி துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கல்கோயில் வீடு ஒவ்வொன்றும் ஒரு கோழி கொடுத்திருக்கிறது.

"என்ன செல்வமணி, லெந்துல கோழியா?"

"நமக்குத்தான் லெந்து டீச்சர், அவுங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்க. விருந்துக்குக் கூப்புட்டுட்டு மரக்கறி மட்டும் போட்டா, எங்க நோன்ப அவுங்க தலையில கட்டுன மாதிரி ஆயிரும்ல? நாங்க பருப்பும் சோறும் சாப்புட்டுக்குவோம். அவுங்க நல்லாச் சாப்புடட்டும்."

உப்புக்கூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை. ஆவியை முகர்ந்து பார்த்தே போட்டார். இதை ஒரு பாடமாக நடத்தினால் மூன்று மணி நேரம் பேசலாம் என்று நினைத்தேன். எதைப் பார்த்தாலும் பாடமாக்குகிற புத்தி எனக்கு.

ஆராதனை நன்றாகத்தான் இருந்தது. கீர்த்தனைக்கு ஜெபவீட்டுக்காரர்கள் புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டினார்கள். கைத்தாளப் பாட்டுக்குக் கல்கோயில் ஆண்கள் தாளம் தப்பித் தப்பித் தட்டினார்கள். வெளியே பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். ரூத்தும் நாலு பெண்களும் தங்கள் பங்குச் சட்டிகளைக் கொண்டுவந்து திறந்தார்கள். பிஞ்சுப் பலாக்காய்க் கறி, பூசணிக்காய், பருப்பு, கீரை. செல்வமணி அண்டாவைத் திறந்து முதல் அகப்பையை ரூத்தின் தட்டுக்குக் கொண்டுபோனார். ரூத்து தட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ வேணாம்க்கா. நாங்க யாரும் கவிச்சி சாப்புடல."

"ஏன்?"

"ஒங்களுக்கு லெந்துன்னு, இந்த வாரம் பூரா நாங்களும் ஒங்களோட சேந்து இருக்கோம்னு நேந்துக்கிட்டோம். ஒங்ககிட்டச் சொன்னா பெருமையாப் போயிரும்னு பாஸ்டர் சொல்ல வேணாம்னாரு."

அகப்பை அந்தரத்தில் நின்றது. எண்பது பேர், ஒரு அண்டா கோழி, தொட ஒரு ஆள் இல்லை. மூலையில் யாரோ கிக்கென்று சிரித்தார்கள். ஆனால் செல்வமணி சிரிக்கவில்லை. அவர் முகம் சின்னப்பிள்ளை முகமாகச் சுருங்கியது. முட்டையிடுகிற கோழிகளை அடித்துச் சமைத்தது. இதில் ஒரு வார்த்தை பிசகினால், பத்து வருடம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடும் என்று எனக்குப் பயமாகிவிட்டது. "டீச்சர், நீங்க சொல்லுங்க, யாரு சாப்புடணும்?" என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு வசனம் தெரியும். ஒருவன் எல்லாம் தின்கிறான், ஒருவன் கீரை தின்கிறான், தின்கிறவன் தின்னாதவனை அற்பமாக எண்ணவேண்டாம், தின்னாதவன் தின்கிறவனைக் குற்றவாளி என்று சொல்லவேண்டாம் என்று ரோமருக்குப் பவுல் எழுதியதை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். ஆனால் அன்று மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தேன்.

எழுந்தவள் ரூத்து. செல்வமணியிடம் போனாள், அகப்பையின் கீழே தட்டை நீட்டினாள். "போடுங்கக்கா."

"நேத்திக்கடன்டீ..."

"அது கர்த்தருக்கும் எனக்கும் உள்ளது. நான் அவருகிட்டப் பேசிக்கிறேன். நீங்க போடுங்க."

கறி விழுந்தது. நின்றபடியே ஒரு துண்டை எடுத்துத் தின்றாள். "உப்புக் கொறைச்சல்" என்றாள். அப்போது பாருங்கள் செல்வமணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததை! முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நானும் தின்னுறேன்டீ, ஒனக்காக" என்று கையை நீட்டினார். ரூத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வேணாம். ஒங்க நோன்பு ஒங்களோட இருக்கட்டும். எனக்குப் பக்கத்துல ஒக்காந்து பருப்பச் சாப்புடுங்க, அது போதும்."

இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்து ஜெபவீட்டு ஆட்கள் சிலர் தட்டை நீட்டினார்கள், சிலர் மாட்டோம் என்றார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை லயத்து இந்துப் பிள்ளைகளும் அம்மன் கோயில் திருவிழா முடிந்து வந்தவர்களும் ஒரு கை பார்த்தார்கள். சுனில் மட்டும் மூன்று தடவை வாங்கினான். நான் ஒரு பாயோரத்தில் பலாக்காய்க் கறியைப் பிசைந்துகொண்டிருந்தேன். ரூத்து எழுந்து நடந்தது பத்து அடி இருக்கும். அன்று எங்கள் கோயிலில் என் இடத்திலிருந்து வாசலுக்கும் அவ்வளவுதான்.

கை கழுவிவிட்டு நேரே மேலே நடந்தேன். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற மஸ்டர் கொட்டகைத் திருப்பத்தில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். இந்நேரம் இவர் சபைவிட்டு வந்திருப்பார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சொல்லு. குளிரு எப்படி இருக்கு?"

"அன்னைக்கு நான் எந்திரிச்சு உங்க கூட வந்திருக்கணும்" என்றேன்.

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"என்னத்துக்கு இப்ப அதெல்லாம்?" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "நான் உடனே போவல, பாத்துக்கோ. கோயில் கேட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டுதான் இருந்தேன். நீ வருவேன்னு நெனச்சேன்."

நான்கு வருடமாக இது எனக்குத் தெரியாது. அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார் என்றே நினைத்திருந்தேன்.

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"கடைசிப் பாட்டு முடியுத வரைக்கும். ஆறு சரணம். நீ ஆறையும் பாட வச்சே."

ஆமாம், பாட வைத்தேன். கூட்டம் முடிக்கிற பாட்டை எப்போதும் இரண்டு சரணத்தோடு நிறுத்துவோம். அன்று பாட்டு முடிந்தால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்களே என்று பயந்து, ஆறு சரணத்தையும் இழுத்து இழுத்துப் பாடினேன். வெளியே வெயிலில் இவர் நின்று ஒவ்வொரு சரணமாக என் குரலைக் கேட்டிருக்கிறார். அந்தத் திருப்பத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். கொழுந்து மலையில் யாருமில்லை, அதனால் வெட்கமுமில்லை.

"வாற ஞாயித்துக்கிழமை நான் உங்க சபைக்கு வாரேன்" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஒண்ணும் வேண்டாம். உன் பிள்ளைகளும் பாட்டும் அங்கதானே இருக்கு? நீ உன் கோயிலுக்கே போ."

இவ்வளவுதானா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"உன் கோயில் கேட்டு வரைக்கும் நான் கொண்டுவந்து விடுதேன்" என்றார். "அங்கேருந்து நான் எங்க சபைக்குச் சுத்திப் போவணும்லா, அதனால எட்டரைக்கில்ல, எட்டு மணிக்கே கிளம்பி நிக்கணும். கேட்டியா?"